கையுறையின் உள்பக்கம்

இரும்பு உத்தரங்கள் அடுக்கிவைக்கிற யார்டில் அவனுக்கு மேலதிகாரி என்று பெயர். பதவியால் வந்த பெயர் இல்லை. நாற்பது மீட்டர் உயரத்தில் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே வேலை செய்கிற அத்தனை பேரின் தலைக்கு மேலும் இரும்பு உத்தரங்களை நகர்த்துகிறவன் என்பதால் யாரோ வேடிக்கையாகச் சொன்னது, அப்படியே ஒட்டிக்கொண்டது. சம்பளத்தில் அவனைவிட நாலு படி உயரத்தில் இருந்த நிஜ மேலாளர்கூட அவனை அப்படித்தான் கூப்பிடுவார்.

அந்த மேலதிகாரி இப்போது சமையலறை ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தான்.

நாலு மாதத்துக்கு முன்னால், கிரேனின் கம்பிக் கயிற்றுக்குக் கிரீஸ் வைக்கும்போது, அறுந்து நீட்டிக்கொண்டிருந்த ஓர் இழை அவன் வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. தோலைத் தைத்தார்கள், தசைநாரைத் தைத்தார்கள், நரம்பையும் தைத்தார்கள். அசைவு முதலில் வரும், உணர்ச்சி பின்னால் வரும், வராமலும் போகலாம் என்று அறுவை செய்த டாக்டர் சொல்லி அனுப்பினார். அசைவு வந்துவிட்டது. உணர்ச்சியைப் பற்றி மனைவி கேட்டபோதெல்லாம், பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி, "வருது, வருது" என்றான்.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கிற அம்மா, விரல்களுக்கு நுணுக்கமான வேலை வேண்டும் என்று மூன்று வழி சொன்னார். களிமண் உருட்டலாம், மணி கோக்கலாம், கம்பளி பின்னலாம். முதல் இரண்டும் குழந்தை விளையாட்டு என்று அவனுக்குத் தோன்றியது. மூன்றாவதிலும் நேர்வழியில் ஒரு மஃப்ளர் பின்னித் தொலைத்திருக்கலாம். அது அவன் சுபாவத்துக்கு ஒத்துவராது. நூல் கடையில் ஒரு கட்டத்தாள் இருந்தது. இரண்டு நிறத்தில் பின்னுகிற கையுறை. கட்டைவிரலுக்கு மட்டும் தனி வீடு, மற்ற நாலு விரலுக்கும் கூட்டுக் குடித்தனம். கருநீலத் தரையில் எதிரும் புதிருமாகப் போகிற வெள்ளை மீன்கள். எந்தக் கட்டம் நீலம், எந்தக் கட்டம் வெள்ளை என்று தாளில் வரிசை வரிசையாகக் குறித்திருந்தது. எந்த உத்தரம் எந்தப் பாதையில் போகவேண்டும் என்று தினமும் கட்டம் போட்ட வரைபடம் பார்த்தே பழகினவனுக்கு அது மிகவும் பிடித்துப்போய்விட்டது.

மனைவியின் கையைக் காகிதத்தில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அளவெடுத்தான். இரண்டு பக்கமும் கூரான ஐந்து இரும்பு ஊசிகள். வெள்ளை நூல் இடது ஆள்காட்டி விரலில், நீல நூல் வலது ஆள்காட்டி விரலில். ஒரு நிறம் முன்னால் கண்ணியாக விழும்போது இன்னொரு நிறம் பின்னால் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். முதல் வாரம் ஏழு தடவை அவிழ்த்தான். எட்டாவது தடவை மணிக்கட்டுப் பட்டியைத் தாண்டி முதல் மீனின் வால் தெரிந்தபோது, அவளைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அவள் ஏற்றுமதித் துணி கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். பதினேழு வருஷம். ஒரு நாளைக்கு ஐந்நூறு சட்டை அவள் கைவழியாகப் போகும். எந்தச் சட்டையானாலும் முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் பார்ப்பாள். கடைக்குப் போனாலும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன் அவன் போட்டு வந்த கோட்டின் கை மடிப்பைப் பேச்சுவாக்கில் திருப்பிப் பார்த்துவிட்டாள் என்று அவன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான்.

கம்பெனி டாக்டரின் பரிசோதனைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது முதல் கையுறை முடிந்தது. சனிக்கிழமை மத்தியானம். அவள் ஷிப்ட் முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நீட்டினான்.

"போட்டுப் பாரு."

வெளிப்பக்கம் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மீன்களுக்குக் கண்கூட இருந்தது. அவள் கையை உள்ளே விட்டாள். விரல்கள் மணிக்கட்டுப் பட்டியைத் தாண்டின. விரல் முட்டி போகவில்லை. இழுத்தாள். பின்னல் கொஞ்சம்கூட நெகிழவில்லை.

"அளவு சரியாத்தானே எடுத்தேன்" என்றான் அவன்.

"அளவு சரிதான். உள்ள நூலு இறுக்கிப் பிடிக்குது. முதல் தடவைதானே, அப்படித்தான் இருக்கும்."

சொல்லிக்கொண்டே வழக்கம்போல உள்பக்கத்தைத் திருப்பினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

வெள்ளை நூல் ஓடிய இடமெல்லாம் வகிடெடுத்த மாதிரி ஒரே சீராக இருந்தது. நீல நூலைப் பார்த்தால் அதே கை பின்னியதா என்று சந்தேகம் வரும். ஒரு வரிசையில் கழுத்தை நெரிப்பதுபோல் இறுக்கம். அடுத்த வரிசையில் விரல் மாட்டுகிற அளவுக்குத் தொங்கல். மூன்றாவதில் திரும்பவும் நெரிப்பு. புதிதாகப் பின்னுகிறவர்கள் இறுக்கிப் போடுவார்கள், இல்லையென்றால் தளர்த்திப் போடுவார்கள். ஏதாவது ஒன்றுதான் செய்வார்கள். ஒரு கையில் சீராகவும் இன்னொரு கையில் இப்படித் தாறுமாறாகவும் வருவதை அவள் பார்த்ததில்லை. அந்த வெள்ளை இழைகளின் மேல் அங்கங்கே கடுகளவுக்குப் பழுப்புப் புள்ளிகள்.

"இது என்னங்க?"

"அழுக்கா இருக்கும்."

அழுக்கு எது, எது அழுக்கில்லை என்று அவளுக்குத் தெரியும். தையல் ஊசி குத்தின தொழிலாளிகளின் ரத்தம் பட்ட சட்டைகளை மாதத்துக்கு இரண்டையாவது ஒதுக்கி வைக்கிறவள். அவன் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். ஆள்காட்டி விரலின் நுனியில், ஊசியின் கூரைத் தள்ளித் தள்ளி, ஒரு குழி விழுந்திருந்தது. நடுவில் கறுத்துக் காய்ந்த பொருக்கு. அதன் ஓரத்தில் புதிதாக ஈரம்.

அவனும் குனிந்து, வேறு யாரோ ஒருவரின் விரலைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தான்.

"வலிக்கலையா?"

"லீவர் பிடிச்சுக் காய்ச்சுப்போன கை. இதெல்லாம் ஒரு வலியா?" என்று கையை இழுத்துக்கொண்டான்.

அவள் மேலே கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் தம்பி சாப்பிட வந்தான். ஒன்பது வருஷமாக அவன் அதே யார்டில், அதே கிரேனுக்குக் கீழே நிற்கிறவன். உத்தரங்களுக்குச் சங்கிலி மாட்டி, கொக்கியில் கோத்து, கையைத் தூக்கி மேலே சைகை காட்டுவான். மேலே மாமா, கீழே இவன். இடையில் இரண்டு டன் இரும்பு. தற்காலிகமாக வந்திருக்கிற புது ஆபரேட்டரைப் பற்றித்தான் சாப்பாட்டு மேஜையில் முழுக்கப் பேச்சு.

"அந்த ஆளு தூக்கறது தூக்கற மாதிரியே இல்ல மாமா. வெடுக்குனு இழுக்கறான். வெள்ளிக்கிழமை ஒரு உத்தரம் சுத்திக்கிட்டு என் காதோரமா போச்சு. காத்து பட்டுச்சு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அடுத்த வியாழன் டெஸ்ட்டு. முடிஞ்சா திங்கக்கிழமை நான் மேல இருப்பேன்" என்றான் மேலதிகாரி.

"அது போதும். நீங்க மேல இருந்தா நான் கீழ கண்ண மூடிக்கிட்டு நிப்பேன்."

தம்பி அதை ஒரு பேச்சுக்குத்தான் சொன்னான். பிறகு கையுறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இத நீங்களா பின்னுனீங்க? டாக்டர் இதப் பாத்தாலே கையெழுத்துப் போட்டுடுவாரே."

"அதுக்குத்தானே பின்றேன்" என்றான் அவன். "ஜோடியா கொண்டுபோய் மேஜைல வெப்பேன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மனைவியின் பக்கம் மட்டும் அவன் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அவள் வேலையில் இரண்டு பழுதுச் சட்டையை நல்லது என்று தள்ளிவிட்டாள். பதினேழு வருஷத்தில் நடக்காதது. சூப்பர்வைசர் கொண்டுவந்து மேஜையில் போட்டபோது, அவள் ஒரு மன்னிப்புகூடக் கேட்காமல் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவன் எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாவது கையுறையில் ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

"அதக் கொஞ்சம் கீழ வைங்க. வலது கையைக் குடுங்க. ஜன்னலப் பாருங்க."

"என்ன இது?"

"ஒண்ணுமில்ல. நான் எந்த விரலத் தொடறேன்னு சொல்லுங்க."

அவன் சிரித்தான். ஆனாலும் ஜன்னல் பக்கம் திரும்பினான். எதிர் மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மிச்சமிருந்த ஊசி ஒன்றைக் கையில் எடுத்தாள். நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். நாற்காலி முனகியது.

"ஆள்காட்டி விரல்" என்றான்.

ஊசி அவள் மடியில் இருந்தது. அவள் எதையும் தொடவில்லை.

சரியா தப்பா என்று அவள் சொல்லாததால் அவன் மெல்லத் திரும்பினான். ஊசி எங்கே இருக்கிறது என்று பார்த்தான்.

"நாற்காலி சத்தத்த வெச்சு சொன்னீங்க" என்றாள். "ஆஸ்பத்திரிலயும் இப்படித்தானா?"

"அந்தம்மா ஒவ்வொரு தடவையும் தொடறதுக்கு முன்னால மூச்ச இழுப்பாங்க. சுண்டு விரல்லேர்ந்து வரிசையா வருவாங்க. கட்டை விரல்ல கொஞ்சம் தெரியுது. மீதிய கணக்குப் போட்டுச் சொல்லிடுவேன்."

"எத்தனை விரல்ல தெரியல?"

"ரெண்டு. ஆள்காட்டியும் நடுவிரலும்."

"லீவர எத வெச்சுப் பிடிப்பீங்க?"

அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். அவனே பெருமையாக எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். உத்தரம் தரையைத் தொடப்போகிற கடைசி ஒரு சாண் இருக்கிறதே, அங்கேதான் ஆபரேட்டரின் யோக்கியதை தெரியும் என்பான். லீவரை முடியிழை அளவுக்கு நகர்த்தவேண்டும், அது கைக்குத் தெரியாது, விரல் நுனிக்குத்தான் தெரியும் என்பான்.

அவன் எழுந்து இரண்டாவது கையுறையை எடுத்து உள்பக்கத்தைத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "இதப் பாரு. நீதான் பெரிய செக்கராச்சே, பாத்துச் சொல்லு."

வாங்கிப் பார்த்தாள். நீலமும் வெள்ளையும் ஒன்றுபோல ஓடியிருந்தன. இறுக்கமும் இல்லை, தொங்கலும் இல்லை. இதைக் கம்பெனியில் கொண்டுவந்து போட்டால் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்துவாள். ஒரு நிமிஷம் அவளுக்கே ஆசையாக இருந்தது. சரியாகிவிடும், நாமாகத்தான் எதையோ நினைத்துப் பயப்படுகிறோம் என்று.

"எப்படி இப்படி வந்துச்சு?"

"பழகிட்டேன். விரலுக்குத் தெரியலன்னா என்ன? ஒவ்வொரு கண்ணியையும் கண்ணால பாத்துப் போடறேன். நூலு எவ்வளவு இழுக்குதுன்னு பாத்துட்டு அடுத்த கண்ணி. விரல் வேலைய கண்ணு செய்யுது. அவ்வளவுதான்."

அவள் கையுறையை மடியில் வைத்துத் தடவிக் கொடுத்தாள். பிறகு சாதாரணக் குரலில்தான் கேட்டாள்.

"மேல உக்காந்திருக்கும்போது உங்க கண்ணு எங்க இருக்கும்? உங்க விரல்லயா, என் தம்பி மேலயா?"

அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்துத் தளும்பி பர்னரில் விழுந்து சீறியது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"பத்தொம்பது வருஷம்" என்றான் கடைசியில். "ஒரு தடவைகூட ஒருத்தன் மேல கீறல் பட்டதில்ல."

"தெரியும்."

"இதவிட்டா எனக்கு வேற என்ன தெரியும்? கீழ நின்னு துடைப்பம் பிடிக்கவா?"

"அதுவும் எனக்குத் தெரியல. ஆனா வியாழக்கிழமை டாக்டர்கிட்ட நீங்க சொல்லணும். நீங்க சொல்லலன்னா தம்பிகிட்ட நான் சொல்வேன்."

"மிரட்டறியா?"

"ஆமா" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. அவள் தட்டை வைப்பாள், அவன் சாப்பிடுவான், ஜன்னலோரம் போய் உட்காருவான். ஊசியோடு ஊசி உரசுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போதும் அந்தச் சத்தம், சாயங்காலம் வரும்போதும் அதே சத்தம். ஒரு நாள் கட்டைவிரல் வீடு முடிந்திருந்தது. இன்னொரு நாள் நுனி கூம்ப ஆரம்பித்திருந்தது. விரலுக்கு ஒரு பிளாஸ்திரி போட்டிருந்தான். ரத்தம் நூலில் படக்கூடாது என்பதற்காகப் போட்டதா, அவளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகப் போட்டதா என்று அவள் கேட்கவில்லை. சொல்லத்தான் போகிறான் என்று ஒரு நாள் நினைப்பாள். மறுநாள் அவன் மீன்களை வரிசை பார்த்து நீவிவிடுகிற விதத்தைப் பார்த்ததும் அந்த நம்பிக்கை போய்விடும்.

வியாழக்கிழமை அவள் லீவு போட்டாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. யார்டின் அலுவலகக் கட்டடத்தில், முதல் மாடியில் டாக்டர் அறை. அவன் ஒரு காகிதப் பையில் ஜோடியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே யார்டு தெரிந்தது. கிரேன் ஒரு உத்தரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. கீழே மஞ்சள் தொப்பிகள். அதில் எது தம்பி என்று இங்கிருந்து தெரியவில்லை. உத்தரம் வெடுக்கென்று ஒரு ஆட்டம் ஆடி நின்றது. உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் வந்தது, வார்த்தை புரியவில்லை. பிறகு சிரிப்புச் சத்தம். டாக்டர்தான் சிரித்தார்.

கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. டாக்டரே வாசல்வரை வந்தார். "உங்க வீட்டுக்காரர் என்னையே அசத்திட்டாரும்மா. என் மனைவிக்குக் காட்டணும், ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன்" என்றார்.

அவன் கையில் ஒரு தாள் இருந்தது. நீட்டினான். கூண்டில் பணி செய்யத் தகுதியுடையவர் என்று டைப் அடித்து, கீழே கையெழுத்தும் முத்திரையும்.

அவள் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள். படியிறங்கினாள். கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் அவன் காலடி கேட்டது. அலுவலக வாசலைத் தாண்டி, வீட்டுக்குப் போகிற பக்கம் திரும்பாமல், யார்டின் கேட்டை நோக்கி நடந்தாள். மத்தியானச் சங்கு ஊதிவிட்டது. இன்னும் ஐந்து நிமிஷத்தில் தம்பி அங்கே வருவான் என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"எங்க போற?"

அவள் நிற்கவில்லை.

"கொஞ்சம் நில்லு. நாம வீட்ல பேசலாம்."

"பத்து நாளா வீட்ல ரொம்பப் பேசினோமே."

வேகமாக நடந்தாள். கேட்டுக்குப் பத்தடி இருக்கும்போது தம்பி வந்துவிட்டான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக. அவன் கண் மாமாவின் கையிலிருந்த தாளில்தான் இருந்தது.

"என்ன மாமா, ஆச்சா?"

அவள் வாயைத் திறந்துவிட்டாள். முதல் வார்த்தை வருவதற்குள் பின்னாலிருந்து அவள் தோளில் ஒரு கை விழுந்தது. அழுத்தமில்லாத கை.

"நானே சொல்றேன்" என்றான் அவள் புருஷன்.

தாளைத் தம்பியிடம் கொடுத்தான். "படிச்சுப் பாரு மாப்ள. பாத்துட்டியா? தகுதின்னு போட்டிருக்கு. அது பொய். ரெண்டு விரல்ல எனக்கு உணர்ச்சி இல்ல. சூடு தெரியாது, குத்தினா தெரியாது. லீவர் எவ்வளவு நகருதுன்னு பாக்காமத் தெரியாது. டாக்டரை ஏமாத்திட்டேன். உன்னையும் ஏமாத்தலாம்னுதான் இருந்தேன்." நிறுத்தி மூச்சு வாங்கினான். "இப்பக் கேக்கறேன். தெரிஞ்சுக்கிட்டு பதில் சொல்லு. திங்கக்கிழமை நான் மேல ஏறுனா, நீ கீழ நிப்பியா?"

தம்பி தாளைப் பார்த்தான். மாமாவின் கையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதில் அவள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. கேட்டுக்குள்ளிருந்து சாப்பாட்டுப் பையோடு வந்தவர்கள், "என்ன மேலதிகாரி, எப்ப வர்றே?" என்று விசாரித்துக்கொண்டு போனார்கள்.

தம்பியின் கண் கலங்கிவிட்டது. ஆனால் குரல் ஆடவில்லை.

"நிக்க மாட்டேன் மாமா" என்றான்.

மேலதிகாரி தலையை ஆட்டினான். இரண்டு மூன்று தடவை ஆட்டினான். தாளைத் திரும்ப வாங்கி நாலாக மடித்தான். அவளிடம் காகிதப் பையைக் கொடுத்துவிட்டு, வந்த வழியே அலுவலகத்துக்கு நடந்தான். பாதி தூரம் போய் நின்றான். திரும்பி வந்துவிடுவானோ என்று அவள் பயந்தாள். ஷூ நாடாவைக் குனிந்து கட்டினான். கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் கட்டினான். பிறகு படியேறி உள்ளே போனான்.

டாக்டருக்குக் கடுமையான கோபம். தன் கையெழுத்தை வைத்து விளையாடியிருக்கிறான் என்று புகார் மேலாளர்வரை போயிற்று. இரண்டாவது தடவை வரிசை மாற்றி, கண்ணைக் கட்டி, ஊசியால் தொட்டுப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குக் கூண்டுக்குப் போகக்கூடாது, பிறகு மறுபடி பார்க்கலாம் என்று எழுதினார்கள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் வந்தது. வேலையை விட்டு அனுப்பவில்லை. எந்த உத்தரம் எந்த நேரத்தில் எந்தப் பாதையில் போகவேண்டும் என்று திட்டம் போடுகிற ஷெட்டில் ஒரு மேஜை கொடுத்தார்கள். அங்கே போன முதல் வாரம் அவன் யாரோடும் பேசவில்லை. இரண்டாவது வாரம், அங்கிருந்தவர்கள் போட்டு வைத்த பாதைகளையெல்லாம் தப்பு என்று கண்டுபிடித்துச் சண்டை போட ஆரம்பித்தான். அவன் பழைய நிலைக்கு வந்துகொண்டிருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் தைரியம் வந்தது.

தம்பி இரண்டு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தான். வாசலில் நின்று செருப்பைக் கழற்றவே நேரம் எடுத்துக்கொண்டான். மாமா உள்ளேயிருந்து, "கிழக்குப் பக்கம் தண்ணி டேங்கை யாருடா வெச்சது? என் பாதைய மறிக்குது" என்று குரல் கொடுத்த பிறகுதான் உள்ளே வந்தான். சாப்பிட்டு முடிக்கிறவரை இரண்டு பேரும் தண்ணி டேங்கைப் பற்றியே விவாதம் செய்தார்கள்.

போகும்போது அக்கா வாசல்வரை கூட வந்தாள். அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அன்னைக்கு நான் நிப்பேன்னு சொல்லியிருந்தா நீ என்னக்கா பண்ணியிருப்ப?"

"நானே மாடியேறிப் போய் டாக்டர்கிட்ட சொல்லியிருப்பேன்."

"மாமா உன்ன மன்னிச்சிருப்பாரா?"

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அவன்தான் கழுவிக்கொண்டிருந்தான்.

"தெரியல" என்றாள். "பஸ் வந்துடும், நீ கிளம்பு."